சனிக்கிழமை இரவு வந்த புகார்: பாஸி.காம் வழக்கு ஒரு மறுவாசிப்பு

2004 நவம்பர் 27, சனிக்கிழமை இரவு. கரக்பூர் ஐஐடி மாணவர் ஒருவர் பாஸி.காம் என்ற இணைய ஏலச் சந்தையில் ஒரு சரக்கை விற்பனைக்கு வைத்தார். எந்தப் பிரிவு என்ற கட்டத்தில் ‘புத்தகங்களும் பத்திரிகைகளும்’, உட்பிரிவில் ‘மின்னூல்’ என்று நிரப்பினார். விலை 125 ரூபாய். தளத்தின் பணவழியில் செலுத்தினால் 128. கூடுதலாக உள்ள 3 ரூபாய் தளத்துக்குக் கமிஷன். பணம் கட்டியவருக்குப் பொருள் மின்னஞ்சலில் போய்ச் சேரும்.

பொருள் புத்தகம் இல்லை. டெல்லியில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இரு சிறார்களின் அந்தரங்கத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்த சிறு காணொளி அது. கேமரா வைத்த கைப்பேசி அப்போதுதான் நடுத்தர வீடுகளுக்குள் வரத் தொடங்கியிருந்தது. அந்தக் காணொளி அதற்குள் நகரத்தில் கைமாறிக்கொண்டும் இருந்தது.

பாஸி.காமில் ஒரு வடிகட்டி இருந்தது. தடைசெய்யப்பட்ட சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, புதிதாக வரும் ஒவ்வொரு அறிவிப்பையும் அது சலிக்கும். மின்னூல் என்ற போர்வையில் வந்த இந்த அறிவிப்பு சல்லடையில் சிக்கவில்லை. தலைப்பைப் படித்த எந்த மனிதருக்கும் அரை நொடியில் விஷயம் விளங்கியிருக்கும், அவ்வளவு பச்சையான தலைப்பு. படிக்க அங்கே மனிதர் இல்லை.

அதே சனிக்கிழமை இரவில் தளத்தைப் பயன்படுத்தும் ஒருவர் புகார் அனுப்பினார். இது வழக்கு ஆவணங்களிலேயே இருக்கிறது. முகம் தெரியாத அந்த வாடிக்கையாளர்தான், என்னைக் கேட்டால், இந்தக் கதையில் தன் கடமையைச் சரியான நேரத்தில் செய்த ஒரே ஆள். அறிவிப்பு நீக்கப்பட்டது திங்கட்கிழமை காலை, பத்து மணிவாக்கில். இடையில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் எட்டுப் பிரதிகள் விற்றுப்போயின. எட்டுக்கும் மூன்று மூன்று என்று வைத்தால் நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய கமிஷன் 24 ரூபாய்.

அந்த ஒன்றரை நாளைப் பற்றி இந்திய நீதிமன்றங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் விசாரித்தன. இணையத்தில் சட்டவிரோதமான ஒன்று வந்துவிட்டால் யார் பொறுப்பு, தொழில் நடத்துகிறவரா அரசா என்று இன்று நடக்கிற எல்லா விவாதத்துக்கும் இந்திய மண்ணில் வேர் இங்கேதான் இருக்கிறது. வழக்கை எல்லோரும் ஒரு தலைமை நிர்வாகியின் கைதாக நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் அதை அந்த ஞாயிற்றுக்கிழமையின் வழக்காகவே படிக்கிறேன்.

கைது

டிசம்பரில் பத்திரிகைச் செய்தி வந்த பிறகுதான் டெல்லி காவல் துறையின் குற்றப் பிரிவு அசைந்தது. விற்ற மாணவர் கைதானார். பாஸி.காமின் நிறுவனர்களில் ஒருவரும் தலைமை நிர்வாகியுமான அவ்னிஷ் பஜாஜ் விசாரணைக்கு ஒத்துழைக்க மும்பையிலிருந்து டெல்லிக்கு வந்தார். டிசம்பர் 17 அன்று அவரும் கைது செய்யப்பட்டார். அந்த ஆண்டுதான் அமெரிக்காவின் ஈபே நிறுவனம் பாஸியை வாங்கியிருந்தது. பஜாஜ் அமெரிக்கக் குடிமகன். திகார் சிறை, தூதரக விசாரிப்பு, மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமின் கண்டனம் என்று விஷயம் நான்கு நாளில் நாடு தாண்டிப் போயிற்று.

டிசம்பர் 21 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் பிணை கொடுத்தது. ஆபாசக் காணொளி தளத்திலேயே காட்டப்படவில்லை, அதற்கான விற்பனை அறிவிப்புதான் அங்கே இருந்தது என்பதை நீதிமன்றம் கவனித்தது. ஐந்தே நாளில் சுனாமி வந்தது. நாகப்பட்டினமும் கடலூரும் கண்ணெதிரே கிடக்கையில் தமிழ்ப் பத்திரிகைகளில் இந்த வழக்குக்கு இடம் எங்கே இருக்கும்? நம்மில் பலருக்கு இது சரியாக நினைவில்லாமல் போனதற்கு அது ஒரு காரணம்.

குற்றப்பத்திரிகையில் மூன்று பேர் இருந்தார்கள்: விற்ற மாணவர், பஜாஜ், தளத்தின் பாதுகாப்புப் பிரிவைக் கவனித்த மூத்த மேலாளர். நான்காவதாக இருந்திருக்க வேண்டிய ஒன்று விடுபட்டிருந்தது. தளத்தை நடத்திய நிறுவனத்தைக் காவல் துறை குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கவே இல்லை. கடைக்காரரையும் கணக்குப்பிள்ளையையும் பிடித்துக்கொண்டு கடையை விட்டுவிட்ட கதை. பிறகு வழக்கு உடைந்தது இந்த இடத்தில்தான்.

புத்தகக் கடையும் இணையதளமும்

அப்போது கையில் இருந்த சட்டம் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். அதன் 67ஆம் பிரிவு மின்னணு வடிவில் ஆபாசத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை. நிறுவனம் குற்றம் செய்தால் அதன் பொறுப்பில் இருப்பவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார் என்றது 85ஆம் பிரிவு. 79ஆம் பிரிவு ஒரு பாதுகாப்பைக் கொடுத்தது. தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க உரிய கவனம் எல்லாம் எடுத்தேன் என்று இணையச் சேவை தருபவர் நிரூபித்தால் தப்பிக்கலாம். நிரூபிக்கும் சுமை அவருடையது. எத்தனை மணி நேரத்தில் நீக்கினால் ‘உரிய கவனம்’ ஆகும் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

வழக்கு 2008 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். முரளிதர் முன் தீர்ப்புக்கு வந்தது. அவர் எதிரே இருந்த முன்னுதாரணம் 1964ஆம் ஆண்டின் ரஞ்சித் உதேஷி வழக்கு. பம்பாயில் புத்தகக் கடை வைத்திருந்தவர் ஓர் ஆங்கில நாவலை விற்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது கடைக்காரருக்குத் தெரியும் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். விற்பனைக்கு வைத்தாய், அதனால் பொறுப்பு உன்னுடையது.

அலமாரியில் நூறு புத்தகம் அடுக்கியிருக்கும் கடைக்காரருக்குச் சொன்ன விதியை, யார் யாரோ தாங்களாகவே சரக்கை அடுக்கிவிட்டுப் போகும் சந்தைக்குப் பொருத்த முடியுமா? முரளிதர் பெருமளவுக்குப் பொருத்தினார். அறிவிப்பின் சொற்களையே பிடிக்கக்கூடிய வடிகட்டி வைக்காத தளத்துக்கு ‘தெரிந்தே நடந்தது’ என்று சட்டம் கருதும் அபாயம் உண்டு என்றார். தளத்தின் மீது, ஆபாசப் பொருள் விற்பதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவிலும் முகாந்திரம் இருக்கிறது என்றார். ஆனால் நிறுவனம் வழக்கிலேயே இல்லை. நிறுவனம் செய்தால் நிர்வாகி செய்ததாகக் கொள் என்று சொல்லும் ஏற்பாடு தண்டனைச் சட்டத்தில் கிடையாது. ஆகவே பஜாஜ் 292இலிருந்து விடுபட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 85 இருப்பதால் 67 மட்டும் அவர் தலைமேல் தொடர்ந்து தொங்கியது.

இந்தத் தீர்ப்பைக் குறை சொல்வோர் அந்த வடிகட்டி வாதத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். சொற்பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் விற்கிறவன் ஓர் எழுத்தை மாற்றித் தப்பிவிடுவான், இதற்குப் போய் ஒருவரைச் சிறையில் வைப்பதா என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வடிகட்டி தோற்றது ஒரு பிழை, புகார் வந்தும் அது காத்திருந்தது வேறொரு பிழை. முதலாவது இயந்திரத்தின் போதாமை. இரண்டாவது பணியாள் முறை, அதாவது சனிக்கிழமை இரவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் யாரை உட்காரவைப்பது, அவருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்று நிறுவனம் எடுத்த முடிவு. விற்பனைக்கு அந்தத் தளத்தில் ஞாயிறு விடுமுறை இல்லை. கமிஷனுக்கும் இல்லை. புகாருக்கு மட்டும் ஏன் இருந்தது? இந்தக் கேள்வி வழக்கின் மையத்துக்கு வரவே இல்லை. ‘ஆபாசம்’, ‘வெளியிடுதல்’, ‘தெரிந்திருத்தல்’ என்ற பழைய சொற்களைப் பிரித்துப் பார்ப்பதிலேயே வாதம் கழிந்தது.

2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இதே கேள்வி எழுந்த காசோலை வழக்கு ஒன்றோடு சேர்த்து இதையும் முடித்தது. நிறுவனத்தைச் சேர்க்காமல் அதன் நிர்வாகியை மட்டும் 85ஆம் பிரிவில் இழுக்க முடியாது என்றது. பஜாஜ் மீதான வழக்கு ரத்தானது. மேலாளர் இன்னும் நான்கு ஆண்டு காத்திருந்தார். மின்னணு ஆபாசத்துக்குத் தனிச் சட்டம் இருக்கும்போது தண்டனைச் சட்டத்தைக் கொண்டு வழக்கு நடத்தக்கூடாது என்று 2016 டிசம்பரில் அவரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையில் நடந்ததும் நடக்காததும் சரியா தவறா என்று கடைசிவரை எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

காணாமல் போனவர்

தீர்ப்புகளை வரிசையாகப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. காணொளியில் இருந்த சிறுமி இந்தக் காகிதங்களில் அநேகமாக இல்லை. 67ஆம் பிரிவின் கவலை படிக்கிறவர், பார்க்கிறவர் மனம் கெட்டுப்போகுமா என்பது. 292ஆம் பிரிவின் சொற்களை எடுத்து மின்னணு உடை போட்ட பிரிவு அது. படமெடுக்கப்பட்டவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க அந்தச் சட்டத்துக்குத் தெரியாது. அவர் குழந்தை என்பது அதன் கண்ணில் கூடுதலாக ஒரு குற்றமும் இல்லை. குழந்தைகளைக் காட்டும் பாலியல் பதிவுகளுக்கென 67பி என்ற தனிப் பிரிவு 2009 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. போக்சோ சட்டம் 2012 நவம்பரில் வந்தது. அதாவது 2004இல் ஒரு குழந்தையின் மானம் 125 ரூபாய்க்கு விற்கப்பட்டபோது, நாட்டின் சட்டம் வாங்கியவரின் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது.

இது நிறுவனத்தின் தவறு இல்லை. அரசின் தவறு. ஆனால் 2004 டிசம்பர் கூச்சலில் அரசு குற்றம் சாட்டுகிற இடத்தில் மட்டுமே நின்றது.

ஒரு பக்கச் சுவரில் மட்டும் கடிகாரம்

கைது ஒரு நன்மையைச் செய்தது. சட்டத்தைத் திருத்த 2005இல் நிபுணர் குழு அமைந்தது. திருத்தம் 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் நடந்த ஒரு மாதத்துக்குள், மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. புதிய 79ஆம் பிரிவு சுமையை இடம் மாற்றியது. பிறர் போடும் பதிவுக்கு இடைநிலை நிறுவனம், அதாவது அதற்கு இடம் கொடுத்த தளம், பொறுப்பில்லை. ஆனால் சட்டவிரோதம் என்று தெரியவந்த பிறகும் விரைந்து நீக்காவிட்டால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும்.

‘விரைந்து’ என்றால் எவ்வளவு? 2011 விதிகள் 36 மணி நேரம் என்றன. பாஸி எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருவரைத் திகாருக்கு அனுப்பிய தாமதம், ஏழு ஆண்டு கழித்து விதியின் எல்லையை ஒட்டி வந்து நின்றது.

அந்த விதிகளில் வேறொரு கோளாறு இருந்தது. பாதிக்கப்பட்டதாகச் சொல்லி யார் எழுதினாலும் நிறுவனம் செயல்பட வேண்டும். எழுதியது உண்மையா என்று ஆராய அதற்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. நீக்கிவிட்டால் தலைவலி தீர்ந்தது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி நாரிமன் இதற்கு அணை போட்டார். கூகுள், பேஸ்புக் போன்றவற்றுக்கு லட்சக்கணக்கில் கோரிக்கைகள் வரும், எது நியாயம் எது அநியாயம் என்று அவை தீர்ப்பளிக்க முடியாது. ஆகவே நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்தால்தான் ‘தெரிந்தது’ என்று பொருள் என்றார்.

பேச்சுரிமைக்கு அது பெரிய வெற்றி, நானும் கொண்டாடினேன். ஆனால் பாஸி காணொளி போன்ற ஒன்றுக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்கள். அந்தச் சனிக்கிழமை இரவுப் புகாருக்கு மதிப்பே இல்லாமல் போகும். குழந்தையின் பதிவை நீக்க எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதித் தரவேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். அரசை விமர்சிக்கும் பதிவை நீக்குவதற்கு நீதிபதி கட்டாயம் வேண்டும். இரண்டையும் ஒரே வாசல் வழியாக அனுப்பியதுதான் பத்தாண்டுக் குழப்பம். 2021 விதிகள் ஓரளவு பிரித்தன. நிர்வாணத்தையோ பாலியல் செயலையோ காட்டும் பதிவென்றால் பாதிக்கப்பட்டவரின் புகார் போதும், 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்றன.

அதே விதிகள் 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள சமூக ஊடக நிறுவனங்களுக்கு இன்னொன்றும் சொல்கின்றன. சட்டத்தைப் பின்பற்றுவதற்குப் பொறுப்பாக, இந்தியாவில் குடியிருக்கும் தலைமை இணக்க அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும், நிறுவனம் கவனம் தவறினால் அவர் வழக்கைச் சந்திக்க நேரிடும். 2004இல் பிடிக்க ஓர் ஆள் தற்செயலாகக் கிடைத்தார். இப்போது அந்த நாற்காலியைச் செய்து, பெயர்ப்பலகை மாட்டி, ஆளையும் உட்காரவைத்தாயிற்று. பஜாஜ் வழக்கிலிருந்து அரசு கற்றுக்கொண்டது இதுதான் போலிருக்கிறது.

நிறுவனத்தின் சுவரில் மணிக்கணக்குக் காட்டும் கடிகாரம் மாட்டியாயிற்று. எதிர்ச் சுவரில் என்ன இருக்கிறது? சில ஆண்டுகளுக்கு முன் என் உறவுப் பெண்ணின் படத்தை ஒட்டி ஒரு போலிக் கணக்கு கிளம்பியது. சனிக்கிழமை மாலையில் அவளை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போனேன். வரவேற்பில் இருந்த காவலர் நல்லவர், தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். “சைபர் பார்க்கிற அய்யா திங்கக்கிழமைதான் வருவார், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள்” என்றார். அந்தக் கடைத்தெருவில் வண்ண அச்சுக்குப் பக்கம் பத்து ரூபாய். கடைப் பையன் திரையில் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் அச்சிட்டான். தளம் அந்தக் கணக்கை ஞாயிறு மதியமே முடக்கிவிட்டது. திங்கட்கிழமை நாங்கள் போனபோது, கணக்குதான் இல்லையே, இனி என்ன புகார் என்று கேட்டார்கள்.

நீக்குவது வேறு, குற்றம் செய்தவரைப் பிடிப்பது வேறு. முதல் வேலை நிறுவனத்துடையது, இரண்டாவது அரசுடையது. முதலாவது விரைவாக முடிந்தால் இரண்டாவதைத் தொடங்கவே வேண்டாம் என்று நினைக்கும் மனநிலை நம் அலுவலகங்களில் இருக்கிறது. நிறுவனங்களிடமும் இதற்கு இணையான சோம்பல் உண்டு. நீக்கியாயிற்று, நம் கடமை முடிந்தது என்று கோப்பை மூடுவார்கள்.

அந்தச் சோம்பலை 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் உலுக்கியது. அது சென்னையில் தொடங்கிய வழக்கு. அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் தளங்களில் காணும் குழந்தைப் பாலியல் பதிவுகளை, காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்காக அங்குள்ள தேசிய மையத்துக்கு அறிவிக்கும். 2019இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அது இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வரும், அங்கிருந்து மாநிலக் காவல் துறைக்கு. இந்த வழியில் வந்த தகவலால் பிடிபட்ட ஒருவர் மீதான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கைப்பேசியில் வைத்திருந்து தனியாகப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்றது. உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு வழக்கை மீட்டது. போகிற போக்கில் நிறுவனங்களுக்கும் ஒன்று சொன்னது. அமெரிக்க மையத்துக்குத் தெரிவித்தால் மட்டும் போதாது, போக்சோ சட்டப்படி இங்குள்ள காவல் துறைக்கும் சொல்ல வேண்டும், இல்லையேல் 79ஆம் பிரிவின் நிழல் கிடைக்காது. ‘குழந்தை ஆபாசப் படம்’ என்ற சொல்லையே விட்டுவிட்டு, குழந்தையைச் சுரண்டி வதைத்ததன் பதிவு என்று பொருள்படும் தொடரைப் பயன்படுத்தவும் அறிவுறுத்தியது. காணாமல் போயிருந்த அந்தச் சிறுமி, இருபது ஆண்டு கழித்து, சொல்லளவிலாவது நீதிமன்றத்துக்குள் வந்தாள் என்று எனக்குத் தோன்றியது.

அரசு இப்போது வேறு பக்கம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சஹ்யோக் என்ற இணைய முகப்பின் வழியே, 79ஆம் பிரிவைக் காட்டி, பல துறை அதிகாரிகள் நேரடியாக நிறுவனங்களுக்கு நீக்கச் சொல்லி அறிவிப்பு அனுப்புகிறார்கள். எக்ஸ் நிறுவனம் இதை எதிர்த்துப் போட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. குழந்தையின் பதிவை நீக்கவும் அமைச்சரைக் கிண்டல் செய்யும் பதிவை நீக்கவும் ஒரே பொத்தான் என்றால், முதலாவதன் பெயரில் இரண்டாவது நடக்கும் என்ற அச்சம் வீண் அச்சம் இல்லை. அந்தப் பொத்தானை அழுத்துகிறவருக்கு இணக்க அதிகாரி போல ஒரு நாற்காலியும் பெயர்ப்பலகையும் கிடையாது.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். முன்னாள் துணைவர் அவருக்குத் தெரியாமல் எடுத்த அந்தரங்கக் காணொளி இணையத்தில் பரவிக்கொண்டிருந்தது. 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு ஆணையிட்டார். மணிக்கணக்கு இந்த முறை அரசின் பெயரில் எழுதப்பட்டது. காணொளி சில தளங்களிலிருந்து போயிற்று, வேறு தளங்களில் முளைத்தது, வழக்கு மறுபடி பட்டியலுக்கு வந்தது.